நர்ஸிங் படிக்க நாலு வருஷம் எதற்கு? இந்தப் படிப்பு வந்த வழி

கேள்வி இது: தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. நர்ஸிங்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். வீட்டுப் பெரியவர்கள், "ஊசி போடவும் மாத்திரை கொடுக்கவும் நாலு வருஷப் படிப்பா? அந்தக் காலத்து நர்ஸம்மா எல்லாம் எந்தக் காலேஜுக்குப் போனார்கள்?" என்று கேட்கிறார்கள். இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது, இப்போது எதைச் சேர்ந்து படிப்பது நல்லது?

நான் முதலில் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, அப்புறம் நர்ஸிங் கல்லூரியில் பாடம் எடுக்க வந்தவள். பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான், அதனால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நர்ஸிங் கல்வியின் வரலாறு முழுக்க ஒரே இழுபறிதான் ஓடுகிறது: வார்டில் யூனிஃபார்ம் போட்டு நிற்கும் அந்தப் பெண் படிக்க வந்த மாணவியா, இல்லை காசு கொடுக்காமல் வேலை வாங்கக் கிடைத்த ஆளா? எங்கெல்லாம் அவளை மாணவியாக நடத்தினார்களோ அங்கெல்லாம் நோயாளி பிழைத்தார். மீதி எல்லாம் இதற்குள் அடக்கம்.

நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரும் மருத்துவத்தில் ஒரு பங்கு என்ற நினைப்பு நமக்குப் புதிதில்லை. குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள், 950வது குறள். உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக, கூடவே இருந்து பணிவிடை செய்பவர். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்லி, பணிவிடை செய்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்றும் சொல்கிறது: பராமரிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும், கைத்திறன் வேண்டும், நோயாளி மேல் அன்பு வேண்டும், சுத்தம் வேண்டும். இன்றைக்கு முதல் வருட மாணவிகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இந்தத் தகுதியை ஒருவருக்கு எப்படிக் கற்றுத் தருவது, கற்றுக்கொண்டாரா என்று எப்படிச் சோதிப்பது என்பதற்கான ஏற்பாடு உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஐரோப்பாவில் நெடுங்காலம் இதை மடங்களும் கன்னியாஸ்திரிகளும்தான் பார்த்துக்கொண்டார்கள். பிரான்ஸில் 1633இல் வின்சென்ட் தெ பால், லூயிஸ் தெ மரியாக் இருவரும் தொடங்கிய சகோதரிகள் சபை வீடு வீடாகப் போய் ஏழை நோயாளிகளைப் பார்த்தது. ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் 1836இல் தியோடோர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியார் பெண்களுக்கு முறையாக நர்ஸ் பயிற்சி தர ஆரம்பித்தார். 1851இல் அங்கே வந்து மூன்று மாதம் பயிற்சி எடுத்தவர்தான் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

நைட்டிங்கேல் என்றாலே கையில் விளக்கோடு இருட்டில் நடக்கும் படம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். எனக்கு அந்தப் படத்தில் ஒரு வருத்தம் உண்டு. அவர் செய்ததில் பெரிய காரியம் அந்தப் படத்தில் இல்லை. 1854 நவம்பரில், கிரிமியப் போர் நடக்கும்போது, 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் காலரா, டைஃபஸ், சீதபேதி என்று நோயில் செத்தவர்கள்தான் பல மடங்கு. 1855 பிப்ரவரியில் உள்ளே வந்த நோயாளிகளில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். மார்ச் மாதம் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து, அடைத்துக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூனுக்குள் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு சுமார் 2 என்று இறங்கிவிட்டது.

போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து அந்தச் சாவுக் கணக்குகளை எல்லாம் மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தார் நைட்டிங்கேல். தான் ராப்பகலாக உழைத்தும் சாக்கடையைச் சரிசெய்யும் வரை சாவு குறையவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே முழுதாகப் புரிந்தது. அதை மறைக்காமல், மந்திரிகளுக்கும் ஒரே பார்வையில் விளங்குகிற மாதிரி வட்ட வடிவப் படங்களாக வரைந்து 1858இல் வெளியிட்டார். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவர்தான். கவனித்ததை எழுதி வை, எழுதியதை எண்ணிப் பார், எண்ணிக்கை சொல்வதை நம்பு என்பது அன்று தொடங்கியது. இன்றும் டெம்பரேச்சர் சார்ட், இன்டேக் அவுட்புட் சார்ட் என்று வார்டில் நாங்கள் விடாமல் எழுதுவது அதன் தொடர்ச்சிதான்.

(அதே போரில் மேரி சீக்கோல் என்று ஒருவர் இருந்தார். ஜமைக்காவில் பிறந்தவர், காலராவைக் கையாண்டு பழகியவர். நர்ஸாக வருகிறேன் என்று லண்டனில் கேட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. சொந்தச் செலவில் கப்பலேறிப் போய் பாலக்லாவா பக்கத்தில் இடம் பிடித்து வீரர்களைக் கவனித்தார். அவரையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.)

மக்கள் நன்கொடையாகக் கொடுத்த சுமார் 45,000 பவுண்டில் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. எந்த மதச் சபையையும் சேராத பள்ளி அது. சாப்பாடு, தங்குமிடம், யூனிஃபார்ம், வருடத்துக்கு 10 பவுண்டு, ஒரு வருடப் பயிற்சி, அதற்கப்புறம் சில வருடம் சொல்கிற மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். பயிற்சிச் செலவு நன்கொடைப் பணத்திலிருந்து வந்தது. அங்கே படித்தவர்கள் உலகம் பூராவும் போனார்கள். 1868இல் லூசி ஆஸ்பர்ன் சிட்னிக்குப் போய் ஆஸ்திரேலியாவில் இதைத் தொடங்கினார்.

அந்தப் பள்ளியைப் பார்த்து மற்ற நாடுகளில் ஆரம்பித்தவர்கள் படிப்பை எடுத்துக்கொண்டார்கள், படிப்புக்குத் தனிப் பணம் என்ற முக்கியமான பாதியை விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பயிற்சி முடித்த முதல் நர்ஸ் என்று சொல்லப்படுபவர் லிண்டா ரிச்சர்ட்ஸ், பாஸ்டனில் 1873இல் முடித்தவர். தன் படிப்பு எப்படி இருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்தால் இரவு ஒன்பது வரை வேலை. பாடப்புத்தகம் கிடையாது. நோயாளிக்கு என்ன மருந்து கொடுக்கிறோம் என்பது மாணவிகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பாட்டில்களில் மருந்தின் பெயருக்குப் பதிலாக நம்பர் ஒட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் நம்பர் பாட்டிலில் ஒரு ஸ்பூன் கொடு என்றால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"டாக்டர் சொல்வதைச் செய்ய எதற்குப் படிப்பு" என்ற கேள்வி இன்றைக்கும் வரும்போதெல்லாம் எனக்கு அந்த நம்பர் பாட்டில்தான் ஞாபகம் வரும். பெயர் தெரியாத மருந்தைக் கொடுப்பவளுக்கு அது தப்பான மருந்து என்றோ, இந்த நோயாளிக்கு ஆகாத மருந்து என்றோ எப்படித் தெரியும்? டாக்டர் எழுதியதில் டோஸ் பத்து மடங்கு கூடியிருந்தால் அதைப் பிடிக்கும் கடைசி ஆள் ஊசியைக் கையில் வைத்திருக்கும் நர்ஸ்தான். அவருக்குப் பிறகு தடுக்க யாரும் இல்லை.

அமெரிக்க மருத்துவமனைகள் சீக்கிரமே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டன. நர்ஸிங் பள்ளி வைத்தால் வார்டுக்கு இலவசமாக ஆள் கிடைக்கும். 1873இல் விரல் விட்டு எண்ணக்கூடிய பள்ளிகள், 1900க்குள் 400ஐத் தாண்டிவிட்டன. மாணவிகள்தான் வார்டை ஓட்டினார்கள். வகுப்பு என்பது பன்னிரண்டு மணி நேர டூட்டி முடித்த பிறகு தூக்கக் கலக்கத்தில் கேட்பது. சில இடங்களில் மாணவியைப் பணக்கார வீடுகளுக்கு அனுப்பி அவள் சம்பாத்தியத்தை மருத்துவமனையே வாங்கிக்கொண்டது. படித்து முடித்தவளுக்கு அதே மருத்துவமனையில் வேலை கிடையாது, அவள் இடத்துக்குத்தான் அடுத்த பேட்ச் வந்துவிடுமே. 1923இல் ஜோசஃபின் கோல்ட்மார்க் தயாரித்த அறிக்கை இதையெல்லாம் வெளியே கொண்டுவந்து, நர்ஸிங் கல்வியை மருத்துவமனையின் வேலைத் தேவையிலிருந்து பிரித்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கச் சொன்னது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1909லேயே ஒரு பள்ளியைச் சேர்த்திருந்தது. கோல்ட்மார்க் அறிக்கை வந்த 1923இல் யேல் பல்கலைக்கழகமும் தொடங்கியது. பிரிட்டன் இன்னும் மெதுவாக வந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1956இல் நர்ஸிங் துறை, 1989 முதல் மாணவிகளைப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றும் திட்டம், 2013 முதல் பட்டப்படிப்பு மட்டுமே என்று அங்கே ஆக அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இடையில் பதிவுச் சட்டம் என்ற சண்டையும் ஒன்று நடந்தது. யார் வேண்டுமானாலும் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நிலையை மாற்ற, பரீட்சை எழுதிப் பதிவு செய்தவர்தான் நர்ஸ் என்று சட்டம் வேண்டும் எனப் பிரிட்டனில் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற நர்ஸ் முப்பது வருடத்துக்கு மேல் போராடினார். இதை எதிர்த்தவர் யார் தெரியுமா, நைட்டிங்கேல்தான். நல்ல மனமும் பொறுப்பும் பரீட்சையில் தெரியாது என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் உண்மை உண்டு, ஆனால் மனதை மட்டும் நம்பி நோயாளியை ஒப்படைக்க முடியாது என்ற ஃபென்விக் பக்கம்தான் நான். நியூஸிலாந்து 1901இல் முதலில் சட்டம் போட்டது, பிரிட்டன் 1919இல். அங்கே பதிவேட்டில் முதல் பெயர் ஃபென்விக்குடையது.

சரி, நம் ஊருக்கு வருவோம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. இந்தியாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று அது. ஆனால் ஆள் கிடைப்பது பெரும்பாடு. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கே அனுப்பாத காலம். இதில் ராத்திரி டூட்டி, முன்பின் தெரியாத ஆண்களைத் தொட்டுத் துடைப்பது, மலஜலம் எடுப்பது, எந்தச் சாதிக்காரருக்கும் வாயில் தண்ணீர் ஊற்றுவது என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? அதனால் முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியப் பெண்களும், கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களும், மிஷன் ஆஸ்பத்திரிகள் ஆதரித்த அநாதைகளும் இளம் விதவைகளும்தான். வேறு போக்கிடம் இல்லாதவள் செய்யும் வேலை என்ற பெயர் அப்போது ஒட்டியது. இன்றைக்கும் பெண் பார்க்க வருபவர்கள் "நர்ஸா?" என்று இழுக்கிற இழுப்பில் அது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்தப் பெயரோடு வாழ்ந்துகொண்டே இந்த மாநிலத்துக்குப் பிரசவம் பார்த்தவர்கள் அவர்கள், நாம் அவர்களை ஒழுங்காக நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் மருத்துவமனை தொடங்கி, டாக்டர்களைப் படிக்க வைப்பதற்கு முன்பே நர்ஸ்களைப் படிக்க வைத்தார். வேலூர் நர்ஸிங் பள்ளி 1909இல் டீலியா ஹாட்டன் பொறுப்பில் ஆரம்பம், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான். தனியாக ஒரு டாக்டர் எத்தனை ஆபரேஷன் செய்தாலும், ஆபரேஷன் முடிந்த ராத்திரி நோயாளியைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் எடுத்த முடிவாகவே நான் அதைப் பார்க்கிறேன். 1926இல் மெட்ராஸ் மாகாணம் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் போட்டது. இன்றைக்கு நம் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் தரும் தமிழ்நாடு கவுன்சில் அந்தச் சட்டத்தில் வந்ததுதான்.

சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1946இல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. (போர் என்பது தலைவர் சர் ஜோசஃப் போரின் பெயர்.) நாடு முழுக்க சுமார் 7,000 நர்ஸ்கள், அதாவது 43,000 பேருக்கு ஒருவர் என்று அது கணக்குச் சொன்னது. அதே சமயம் பிரிட்டனில் 300 பேருக்கு ஒருவர். அந்த வருடமே இரண்டு இடங்களில் பி.எஸ்சி. நர்ஸிங் தொடங்கியது. ஒன்று டெல்லியில், பிற்பாடு ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயர் வைக்கப்பட்ட கல்லூரி. இன்னொன்று நம் வேலூரில், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ். ஆக நர்ஸிங்கில் பட்டப்படிப்பு நேற்று முளைத்த ஃபேஷன் இல்லை என்று வீட்டில் சொல்லுங்கள், சுதந்திர இந்தியாவைவிட ஒரு வயது மூத்தது. 1947 கடைசியில் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம், 1959இல் டெல்லியில் முதுகலை என்று அடுத்தடுத்து வந்தன. அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய ஆணையம் அமைக்க 2023இல் புதுச் சட்டம் நிறைவேறியது.

கிராமப் பக்கம் கதை வேறு. 1951இல் ஏ.என்.எம். (துணை நர்ஸ், மருத்துவச்சி) என்ற இரண்டு வருடப் படிப்பு கொண்டுவந்தார்கள், பிரசவம் பார்க்கத் தெரிந்த பெண் ஊருக்கு ஊர் இருக்க வேண்டும் என்று. எழுபதுகளில் பல்நோக்குப் பணியாளர் திட்டம் வந்தபோது அதைப் பதினெட்டு மாதமாகக் குறைத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட், தடுப்பூசி, ரெஜிஸ்டர் எழுதுவது என்று வேலை கூடிக்கொண்டே போக, பிரசவம் பார்க்கும் கை குறைந்தது. பயிற்சியைக் குறைத்துப் பொறுப்பைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இது நம் நாட்டு உதாரணம். தமிழ்நாடு பின்னால் வேறு வழியில் போனது. 2000களின் நடுவிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் வீதம் ஷிஃப்ட் போட்டு 24 மணி நேரமும் இருக்கச் செய்தார்கள். நடுராத்திரி வலி வந்தால் ஆட்டோ பிடித்துப் போனால் கதவு திறந்திருக்கும், பயிற்சி பெற்ற ஆள் இருக்கும் என்று தெரிந்ததும் ஜனங்கள் அங்கே வர ஆரம்பித்தார்கள். அதே நர்ஸ்களில் பலரை அரசு ஒப்பந்தத்தில் மாதம் 7,700 ரூபாய்க்கு வைத்திருந்தது என்பதையும் மறைக்க முடியாது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது அதற்காகத்தான்.

இனி நாலு வருடத்தில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறோம் என்று ஒரே ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். மூச்சு எண்ணுவது. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்து எண்ண வேண்டும், எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பிடித்த கையை எடுக்காமலே கண்ணை மட்டும் நெஞ்சுக்கு மாற்றச் சொல்லித் தருவோம். இதைச் செய்ய ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஆனால் ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ஒருவருக்கு பி.பி. சரியாக இருக்கிறது, காய்ச்சல் லேசாக இருக்கிறது, "கொஞ்சம் அசதியா இருக்கும்மா" என்கிறார், மூச்சு மட்டும் 18லிருந்து 28 ஆகியிருக்கிறது. இது வெறும் வலியா, நுரையீரலில் ரத்தக்கட்டியா, ரத்தத்தில் கிருமி பரவுகிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டரை எழுப்பலாமா, காலை ரவுண்ட்ஸ் வரை பொறுக்கலாமா? அங்கே உடலியங்கியல் தெரிய வேண்டும், மருந்தியல் தெரிய வேண்டும், கிருமியியல் தெரிய வேண்டும். போன் எடுத்து டாக்டரிடம் நாலு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லவும், அவர் "பார்க்கலாம் விடு" என்றால் "இல்லை சார், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்று நிற்கவும் தெரிய வேண்டும். என் மாணவிகளில் சத்தமே வராத ஒரு பெண் அப்படி ஒரு ராத்திரி மூன்று தடவை போன் செய்து சீனியரை வரவழைத்தாள். விடிவதற்குள் அந்த நோயாளி ஐ.சி.யு.வுக்குப் போனார், பத்து நாளில் நடந்து வீட்டுக்குப் போனார்.

இது ஏதோ என் வார்டுக் கதை மட்டும் இல்லை. லிண்டா எய்க்கன் என்ற நர்ஸிங் ஆராய்ச்சியாளரின் குழு ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் 300 மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்துகொண்ட நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரத்தை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டது. ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. பட்டம் படித்த நர்ஸ்களின் விகிதம் 10 சதவீதம் கூடினால் அது 7 சதவீதம் குறைந்திருந்தது. பெரியவர்களின் கேள்விக்கு நேர் பதில் இதில் இருக்கிறது.

ஆனால் பட்டம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் ஆகிவிடாது. தொண்ணூறுகளுக்குப் பிறகு இங்கே தனியார் நர்ஸிங் கல்லூரிகள் ஏராளமாக வந்தன. நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. கட்டடமும் பஸ்ஸும் இருந்து நோயாளியே இல்லாத கல்லூரிகளும் இருக்கின்றன, பொம்மையில் மட்டும் ஊசி போட்டுவிட்டுக் கேஸ் புக்கைப் பார்த்து எழுதி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். சிமுலேஷன் லேப் நல்ல விஷயம், அங்கே தப்புச் செய்து பழகிக்கொள்ளலாம், ஆனால் அழும் குழந்தையின் கையில் நரம்பு தேடுவதை அது சொல்லித் தராது. எதிர்ப்பக்கம், நோயாளி நிறைய இருக்கும் சில தனியார் மருத்துவமனைகளில் மாணவிகளை ஸ்டாஃப் கணக்கில் நைட் டூட்டிக்குப் போட்டு ஆள் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். 1900 வாக்கில் அமெரிக்காவில் நடந்த அதே காரியம்.

அதனால் உங்கள் தங்கைக்கு நான் சொல்வது: உயிரியல், வேதியியல், இயற்பியல் எடுத்திருந்தால் பி.எஸ்சி.யே படிக்கட்டும். செலவு கட்டுப்படியாகவில்லை, அரசு நர்ஸிங் பள்ளியில் டிப்ளமா இடம் கிடைக்கிறது என்றால் அதையும் யோசிக்காமல் எடுக்கலாம், மோசமான தனியார் பட்டத்தைவிட அது எவ்வளவோ மேல், பிறகு டிப்ளமா முடித்தவர்களுக்கான இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். கல்லூரி பார்க்கப் போகும்போது ரிசெப்ஷனில் கொடுக்கும் பளபள புத்தகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கவுன்சில் அங்கீகாரம் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, நூறு படுக்கையாவது உண்டா, அதில் நிஜமாகவே ஆட்கள் படுத்திருக்கிறார்களா என்று ஒரு சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பாருங்கள். அப்புறம் கேண்டீன் பக்கம் நிற்கும் மூன்றாம் வருட மாணவிகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வார்டில் உங்களோடு டீச்சர் யாராவது வந்து நிற்கிறார்களா, மாதத்தில் எத்தனை நைட் போடுகிறார்கள். டீச்சர் வருவதில்லை, நைட் நிறைய என்று பதில் வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

சம்பளம் பற்றி வீட்டில் கேட்பார்கள். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அந்த மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், எல்லா இடத்திலும் நடைமுறையில் இல்லை. வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் எதுவாக இருந்தாலும் கொடுக்க வேண்டாம் என்று தங்கையிடம் இப்போதே சொல்லி வையுங்கள், நகல் கொடுத்தால் போதும்.